கோப்பு வரும்வரை ஷெல் ஸ்கிரிப்டைக் காக்க வைப்பது எப்படி?

வேறொரு சர்வரிலிருந்து தினமும் இரவு ஒரு சிஎஸ்வி கோப்பு நம் சர்வருக்கு வரும். வந்ததும் அதை எடுத்து டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். மூன்று வரி ஸ்கிரிப்ட் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தேடினால் அந்த மூன்று வரியும் உடனே கிடைக்கும், பல நாள் ஒழுங்காக ஓடவும் செய்யும். பிறகு ஒருநாள் காலையில் கணக்குப் பிரிவிலிருந்து ஃபோன் வரும்: நேற்றைய விற்பனையில் பாதியைக் காணோம். லாகைப் பார்த்தால் எல்லாம் வெற்றி என்று இருக்கும்.

அந்த ஃபோன் உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸ் சர்வர், பாஷ் ஷெல், எஸ்எஃப்டிபி (கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) வழியாக வரும் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, கீழே வரும் மென்பொருள்கள் எல்லாம் இலவசம். ஸ்கிரிப்ட் எழுத அரை நாள் ஆகும். அனுப்புபவரிடமிருந்து பதில் வாங்கத்தான் நாள் பிடிக்கும், அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

1. அனுப்புபவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

ஃபோனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் ஆள் மாறியிருப்பார்.

கேட்க வேண்டியவை இவை. கோப்பின் துல்லியமான பெயர் என்ன? லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெயரில் தேதி இருந்தால் அது எந்த நாட்டு நேரப்படி? சீக்கிரமாக வந்தால் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு தாமதமானாலும் எத்தனை மணிக்குள் வந்துவிடும்? விற்பனையே இல்லாத நாளில் காலிக் கோப்பு வருமா, கோப்பே வராதா? அனுப்பி முடித்ததற்கு அடையாளமாக ஏதாவது வைப்பார்களா?

காலிக் கோப்புக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முதல் பண்டிகை விடுமுறை அன்று அது தானாக முன்னால் வந்து நிற்கும்.

நேர மண்டலத்தையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கிளவுட் சர்வர்கள் யுடிசி (உலகப் பொது நேரம்) என்ற நேரத்தில்தான் ஓடுகின்றன. இந்திய நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை யுடிசியில் முந்தைய நாள் தேதிதான் இருக்கும். இந்திய நேரப்படி அதிகாலை 2 மணிக்கு உங்கள் ஸ்கிரிப்ட் எழுந்து "இன்றைய" கோப்புக்குக் காத்திருந்தால், அது தேடுவது நேற்றைய தேதியிட்ட கோப்பை. ஸ்கிரிப்டின் தலைப்பகுதியிலேயே டிஇசட் என்ற மாறிக்கு, பெயர் பெரிய எழுத்தில், ஏஷியா/கொல்கத்தா என்று (இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து மட்டும் பெரியது) மதிப்புக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தேதியையும் அங்கேயே ஒரே ஒரு முறை கணக்கிட்டு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் டேட் கட்டளையைக் கூப்பிட்டால், 11:50க்குத் தொடங்கிய காத்திருப்பு நள்ளிரவைத் தாண்டியதும் நாளைய கோப்பைத் தேட ஆரம்பித்துவிடும்.

பெயரில் தேதியே இல்லாமல் தினமும் ஒரே பெயரில் வருகிறதா? அப்படியானால் வேலை முடிந்ததும் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் ஸ்கிரிப்ட் காத்திருக்கவே செய்யாது. நேற்றைய கோப்பைப் பார்த்து, வந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும்.

2. அடிப்படை லூப்

அந்த மூன்று வரி (எண்ணினால் நான்கு) இதுதான்:

அன்டில் [ -எஃப் "$ஃபைல்" ]
டூ
ஸ்லீப் 30
டன்

கோப்பு இல்லாதவரை 30 நொடி தூங்கு, எழுந்து பார், மறுபடி தூங்கு. அவ்வளவுதான். சதுர அடைப்புக்குறிக்கு உள்பக்கம் இருபுறமும் இடைவெளி வேண்டும். மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் வேண்டும், இல்லையென்றால் பெயரில் இடைவெளி உள்ள கோப்பு வந்த அன்று லூப் உடையும்.

ஸ்லீப் வரியை மறந்தால் சர்வரின் ஒரு கோர் முழுக்க இந்த லூப்புக்கே போய்விடும். எத்தனை நொடி வைப்பது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். இரவில் ஒரு முறை வரும் கோப்புக்கு 30 நொடியானாலும் 60 நொடியானாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அரை நொடி, கால் நொடி எல்லாம் வீண்.

-எஃப் என்றால் சாதாரணக் கோப்பாக இருக்கிறதா என்ற சோதனை. -இ என்றால் ஃபோல்டரோ வேறு எதுவோ அந்தப் பெயரில் இருந்தாலே போதும். -எஸ் என்றால் அளவு பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும். காலிக் கோப்பும் நியாயமாக வரக்கூடும் என்று அனுப்புபவர் சொல்லியிருந்தால் -எஸ் பக்கம் போகாதீர்கள், காலம் பூராவும் காத்திருக்கும்.

இந்தச் சோதனையில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது நட்சத்திரக் குறி. பெயர் சரியாகத் தெரியாமல் நட்சத்திரம் போட்டு எழுதினால், ஒரு கோப்பு வந்தால் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டு வந்துவிட்டால் சோதனையே பிழை காட்டும். பிழையை அன்டில் "இன்னும் இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் கண்ணெதிரே இரண்டு கோப்பு கிடக்க, ஸ்கிரிப்ட் தூங்கிக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் அவசியம் என்றால் பாஷில் உள்ள காம்ப்ஜென் -ஜி பயன்படுத்துங்கள் (ஜி பெரிய எழுத்து). எத்தனை கோப்பு பொருந்தினாலும் அது சரியாகப் பதில் சொல்லும்.

இரண்டாவது அனுமதி. கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள் நுழைய உங்கள் பயனருக்கு அனுமதி இல்லையென்றால், -எஃப் பிழை எதுவும் சொல்லாது. அமைதியாக "இல்லை" என்று மட்டும் சொல்லும். ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) ஓட்டிப் பார்த்தபோது வேலை செய்த ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டும் வசதி) வேறு பயனராக ஓடும்போது விடியும்வரை காத்திருப்பது பெரும்பாலும் இதனால்தான். லூப்புக்கு முன்னாலேயே ஃபோல்டர் இருக்கிறதா, படிக்கவும் நுழையவும் முடிகிறதா என்று -டி (டைரக்டரியின் முதல் எழுத்து), -ஆர், -எக்ஸ் சோதனைகள் வைத்து, இல்லையென்றால் அங்கேயே கத்தச் சொல்லுங்கள்.

3. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது?

எல்லை இல்லாத காத்திருப்பை எழுதவே எழுதாதீர்கள். முதல் படியில் வாங்கிய "எவ்வளவு தாமதமானாலும்" நேரத்தோடு அரை மணி சேர்த்து எல்லை வையுங்கள்.

பாஷில் செகண்ட்ஸ் என்ற மாறி இருக்கிறது, முழுக்கப் பெரிய எழுத்தில். அதற்கு 0 கொடுத்தால் அதன்பின் நொடிக்கு ஒன்றாகத் தானே ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் அது 7200ஐத் தாண்டிவிட்டதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் மெயில் அனுப்பிவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். வெளியேறும் எண்ணைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கோப்பு வரவில்லை என்றால் ஒன்று, வந்தது பழுது என்றால் வேறொன்று. மறுநாள் காலையில் லாகைப் பார்ப்பவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஸ்கிரிப்டின் முதல் வரி. அதில் பாஷ் என்று இல்லாமல் வெறும் எஸ்எச் என்று எழுதியிருந்தால், டெபியனிலும் உபுண்டுவிலும் ஓடுவது டாஷ் என்ற வேறு ஷெல். டாஷுக்கு செகண்ட்ஸ் என்பது சாதாரண மாறி. 0 கொடுத்தால் 0 ஆகவே நிற்கும். பிழை வராது, எச்சரிக்கை வராது, எல்லையும் வராது.

டைம்அவுட் என்ற தனிக் கட்டளையும் இருக்கிறது. நேரம் முடிந்தால் 124 என்ற எண்ணோடு திரும்பும். ஆனால் அது தனி நிரலைத்தான் ஓட்டும், உங்கள் ஸ்கிரிப்டுக்குள் எழுதிய ஃபங்ஷனையோ லூப்பையோ நேரடியாக ஓட்டாது. லூப்பைத் தனி ஸ்கிரிப்டாகப் பிரித்தால் பயன்படுத்தலாம்.

அப்புறம், நேற்றைய காத்திருப்பு முடியாமல் இன்றையது தொடங்கினால் இரண்டு பிரதிகள் ஒரே கோப்பைப் பிடித்து இழுக்கும். எஃப்லாக் -என் என்று கிரான் வரியில் முன்னால் சேர்த்து ஒரு பூட்டுக் கோப்பின் பெயரும் கொடுத்தால், ஒன்று ஓடும்போது இன்னொன்று தொடங்காமல் திரும்பிவிடும்.

4. வந்தது சரி, முழுதாக வந்ததா?

இந்தப் படிக்காகத்தான் கட்டுரையே. சரக்கு லாரி வாசலில் வந்து நிற்பது வேறு, சரக்கு இறங்கி முடிவது வேறு. எஸ்எஃப்டிபியும் எஸ்சிபியும் கோப்பை அனுப்பத் தொடங்கிய கணத்திலேயே அதன் இறுதிப் பெயரில் உருவாக்கிவிடும். உள்ளடக்கம் அதற்குப் பிறகுதான் வந்து நிரம்பும். இணைப்பு மெதுவாக இருந்தால் பெரிய கோப்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் -எஃப் பார்த்தாலும் -எஸ் பார்த்தாலும் "இருக்கிறது" என்றே பதில் வரும்.

தீர்வுகளைத் தரவரிசையில் சொல்கிறேன்.

முதல் தரம்: அனுப்புபவர் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயர் மாற்றுவது. எஸ்எஃப்டிபியில் புட் செய்யும்போது பெயரோடு டெம்ப் என்று ஒட்டு சேர்த்து, பிறகு ரீநேம் கட்டளை கொடுத்தால் போதும். அவர்கள் ஸ்கிரிப்டில் ஒரு வரிதான் கூடும். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். இறுதிப் பெயர் தெரிகிறது என்றாலே முழுக் கோப்பு. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் இதைத் தானாகவே செய்கிறது: புள்ளியில் தொடங்கும் மறைவான பெயரில் எழுதி, முடிந்ததும் மாற்றும். இன்ப்ளேஸ் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். விண்டோஸில் கோப்பு அனுப்பப் பயன்படும் வின்எஸ்சிபி, எஸ்எஃப்டிபியில் 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை ஃபைல்பார்ட் என்ற ஒட்டோடு ஏற்றிப் பெயர் மாற்றுகிறது. சின்னக் கோப்பை வைத்துச் சோதித்துவிட்டு, அது அப்படிச் செய்வதில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

"ஒரே ஃபைல்சிஸ்டம்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். டிஎம்பி ஃபோல்டரில் கோப்பைத் தயாரித்து எம்வி கட்டளையால் இறுதி இடத்துக்கு நகர்த்துவது பலருக்கும் பழக்கம். டிஎம்பி தனி ஃபைல்சிஸ்டமாக இருந்தால் எம்வி உள்ளுக்குள் நகலெடுத்து, பிறகு பழையதை அழிக்கும். மறுபடி பாதிக் கோப்புப் பிரச்சினைதான். இறுதி ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே, அதே டிஸ்கில், தற்காலிக ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தரம்: முடிந்த அடையாளக் கோப்பு. சிஎஸ்வி முழுதாகப் போன பிறகு அதே பெயரில் டன் என்ற ஒட்டோடு இன்னொரு சின்னக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் லூப் சிஎஸ்விக்குக் காத்திருக்காது, டன் கோப்புக்குக் காத்திருக்கும். அந்தக் கோப்பை வெறுமையாக விடாமல் உள்ளே எஸ்எச்ஏ256சம் கட்டளை கொடுக்கும் வரியை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம், அதாவது செக்சம்) போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. இங்கே அதே கட்டளையை -சி சேர்த்து ஓட்டினால் கோப்பு எழுத்துப் பிசகாமல் வந்ததா என்பது தெரிந்துவிடும். டன் கோப்பே பாதியாக வந்தால்? அதற்குள் செக்சம் இருந்தால் சரிபார்ப்பு தோற்கும். சில நொடி விட்டு மறுபடி பாருங்கள், சரியாகிவிடும்.

மூன்றாம் தரம்: அனுப்புபவர் எதற்கும் மசியவில்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். மெயில் போட்டால் "எங்கள் முறையை மாற்ற இயலாது" என்று இரண்டு வரியில் பதில் வரும். அப்போது நாமே ஊகிக்க வேண்டும். ஸ்டாட் -சி %எஸ் கொடுத்தால் கோப்பின் அளவு கிடைக்கும் (மேக்கில் இதன் ஆப்ஷன் வேறு). ஒரு நிமிட இடைவெளியில் அளவு மாறாமல் இருந்தால் முடிந்தது என்று கொள்ளலாம். நெட்வொர்க் நடுவில் இரண்டு நிமிடம் திணறினால் இந்த ஊகம் பொய்த்துவிடும்.

ஃபியூசர் கட்டளை கொஞ்சம் மேல். கோப்பை எந்த புராசஸாவது திறந்து வைத்திருக்கிறதா என்று சொல்லும். எஸ்எஃப்டிபியில் ஏற்றும்போது நம் சர்வரில் எஸ்எஃப்டிபி-சர்வர் என்ற புராசஸ்தான் கோப்பைத் திறந்து எழுதுகிறது, அதனால் இங்கே பிடிபடும். ஆனால் அது வேறு பயனரின் புராசஸ். அதைப் பார்க்க ரூட் அனுமதி வேண்டும். இன்னொன்று, அனுப்பும்போது இணைப்பு அறுந்துவிட்டால் அந்த புராசஸ் கோப்பை மூடிவிட்டுப் போய்விடும். ஃபியூசர் "யாரும் இல்லை" என்று சொல்லும், கையில் இருப்பது பாதிக் கோப்பு.

ஆகவே இந்த ரகத்தில் உள்ளடக்கத்தையும் பார்த்தே தீர வேண்டும். ஜிஜிப்பால் சுருக்கிய கோப்பு என்றால் ஜிஜிப் -டி (டெஸ்டின் முதல் எழுத்து) போதும், பாதியாக இருந்தால் பிழை காட்டிவிடும். சிஎஸ்வியின் கடைசி வரியில் மொத்த வரிகளின் எண்ணிக்கை வரும் வழக்கம் இருந்தால் அதைச் சரிபாருங்கள். அதுவும் இல்லையென்றால், கடைசி எழுத்து வரிமுறிவாக இருக்கிறதா என்றாவது பாருங்கள். பாதி வரியில் அறுந்தவற்றையாவது அது பிடிக்கும்.

5. தூங்கித் தூங்கி எழாமல் காத்திருக்க

நிமிடக்கணக்கில் தாமதம் ஆகக் கூடாது, வந்த நொடியே வேலை தொடங்க வேண்டும் என்றால் லினக்ஸ் கெர்னலில் உள்ள, கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் ஐநோட்டிஃபை உதவும். உபுண்டு, டெபியனில் ஏபிடி வழியாக ஐநோட்டிஃபை-டூல்ஸ் பேக்கேஜை நிறுவினால் ஐநோட்டிஃபைவெயிட் கட்டளை கிடைக்கும்.

கோப்பு இன்னும் பிறக்கவில்லை, ஆகவே கண்காணிக்க வேண்டியது ஃபோல்டரை. எந்த நிகழ்வுக்குக் காத்திருப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிரியேட் நிகழ்வு கோப்பு உருவான கணத்தில் வரும், அதாவது பூஜ்ஜியம் பைட்டில். உங்களுக்கு வேண்டியவை இரண்டு: எழுதி மூடும்போது வரும் குளோஸ்_ரைட், பெயர் மாற்றி உள்ளே வரும்போது வரும் மூவ்டு_டு. இரண்டையும் -இ ஆப்ஷனால் சேர்த்தே கொடுங்கள். அறுந்த இணைப்பும் குளோஸ்_ரைட் நிகழ்வைத் தரும் என்பதால் நான்காம் படியின் சரிபார்ப்பு இங்கேயும் வேண்டும்.

இன்னொரு சந்து இருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், இல்லை. கண்காணிப்பைத் தொடங்குகிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே கோப்பு வந்து விழுந்தால் நிகழ்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது, கண்காணிப்பு வராத ஒன்றுக்காக உட்கார்ந்திருக்கும். எளிய மருந்து: இரண்டாம் படியின் லூப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்லீப் 30 இருந்த இடத்தில் ஐநோட்டிஃபைவெயிட் -டி 30 (டி இங்கே டைம்அவுட்டின் முதல் எழுத்து) என்று, அந்த -இ ஆப்ஷன்களோடும் ஃபோல்டர் பெயரோடும் போடுங்கள். கோப்பு வந்தால் உடனே எழும், சந்தில் நழுவினாலும் 30 நொடியில் எழுந்து பார்த்துவிடும். நேரம் முடிந்து எழும்போது அது 2 என்ற எண்ணோடு திரும்பும். ஸ்கிரிப்டில் பிழை வந்ததும் நிறுத்தச் சொல்லும் செட் -இ போட்டிருந்தால் அந்த 2ஐப் பிழையாக எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்டே நின்றுவிடும், ஆகவே வரியின் முடிவில் இரண்டு செங்குத்துக் கோடும் ட்ரூவும் சேர்த்துவிடுங்கள்.

என்எஃப்எஸ், சாம்பா போன்ற நெட்வொர்க் டிரைவில் இன்னொரு மெஷின் எழுதினால் ஐநோட்டிஃபைக்கு எதுவும் தெரியாது. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2 வைத்துக்கொண்டு சி டிரைவ் ஃபோல்டரைக் கண்காணித்தாலும் இதே கதை: விண்டோஸ் பக்கம் நடக்கும் மாற்றம் வந்து சேராது. அங்கெல்லாம் ஸ்லீப் லூப்தான் கதி. என்எஃப்எஸ் ஃபோல்டர் விவரங்களை வழக்கமான அமைப்பில் 30 முதல் 60 நொடி வரை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் நொடிக்கொரு முறை எட்டிப் பார்ப்பதில் புண்ணியமில்லை.

6. சிஸ்டம்டியிடம் விட்டுவிடலாமா?

விடலாம். சிஸ்டம்டி என்பது லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள். ஒரே பெயரில் பாத் யூனிட் ஒன்று, சர்வீஸ் யூனிட் ஒன்று என்று இரண்டு அமைப்புக் கோப்புகள் எழுத வேண்டும். பாத் யூனிட்டில் பாத்எக்ஸிஸ்ட்ஸ் என்று (பி, இ இரண்டும் பெரிய எழுத்து) கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், கோப்பு வந்ததும் சர்வீஸ் ஓடும். லூப்பே எழுத வேண்டாம். ஆனால் சர்வீஸ் முடியும்போது கோப்பு அதே இடத்தில் இருந்தால் மறுபடி ஓடும், மறுபடியும் ஓடும், வேகமாகச் சுற்றி வரம்பைத் தொட்டு ஃபெயில் ஆகிவிடும். வேலை தோற்றாலும் கோப்பை நகர்த்தும்படி எழுதுங்கள். கோப்பு வராத நாளில் இது ஒன்றும் சொல்லாது என்பதால் அதற்குத் தனியாக ஒரு டைமர் வேண்டும்.

கோப்பு அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3யில் வருகிறது என்றால் நிலைமை வேறு. அங்கே பாதிப் பொருள் கண்ணுக்குத் தெரியாது, முழுதாக ஏறிய பிறகுதான் தோன்றும். ஏடபிள்யூஎஸ் கட்டளையில் வெயிட் ஆப்ஜெக்ட்-எக்ஸிஸ்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 5 நொடிக்கு ஒரு முறை, 20 முறை பார்த்துவிட்டு 255 என்ற எண்ணோடு கைவிட்டுவிடும். ஒன்றரை நிமிடம் சொச்சம்தான், ஆகவே அதைச் சுற்றி உங்கள் லூப் வேண்டும். ஒவ்வொரு எட்டிப் பார்த்தலுக்கும் சிறு கட்டணமும் உண்டு.

7. கிரானில் போடும்போது

கிரான்டேப் வரியில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. டேட் கட்டளையை அங்கேயே எழுதினால் அந்தக் குறியில் வரி வெட்டுப்படும். முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது டேட்டை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிடுங்கள். கிரானின் பாத் மாறி (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகச் சுருக்கமானது, அதனால் கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள்.

8. ஏற்றுவதற்கு முன் சோதனை

வேண்டுமென்றே மெதுவாக ஒரு கோப்பை எழுதிப் பாருங்கள். மாதிரிக் கோப்பின் முதல் நூறு வரியை ஹெட் கட்டளையால் இறுதிப் பெயரில் எழுதி, ஸ்லீப் 120 விட்டு, மீதியை டெயில் கட்டளையால் இரட்டைக் கோணக் குறி போட்டுச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் ஸ்கிரிப்ட் பாய்ந்துவிட்டால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். அளவை ஒரு நிமிடம் பார்த்து ஊகிக்கும் மூன்றாம் தர முறை இதில் ஏமாந்துதான் போகும். உள்ளடக்கச் சரிபார்ப்பு அதைத் தடுக்கிறதா என்று பார்க்கவே இந்தச் சோதனை.

பிறகு எஸ்எஃப்டிபியில் பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன்பின் கோப்பே வராத நாள், காலிக் கோப்பு வந்த நாள், பெயரில் இடைவெளி உள்ள கோப்பு, இரண்டு கோப்பு ஒன்றாக வருவது. எல்லாவற்றையும் கிரான் ஓடும் அதே பயனராக உள்நுழைந்து செய்யுங்கள், ரூட்டாக அல்ல. எல்லையை இரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டுச் சோதித்தால் ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் 120ஐ மறுபடி 7200 ஆக்கிவிடுங்கள்.